லோட் பேங்கைக் கையால் இயக்கி பேட்டரி கெப்பாசிட்டி டெஸ்ட் செய்வது: முழுமையான வழிகாட்டி

லோட் பேங்க் என்பது பேட்டரியிலிருந்து கரண்டை இழுத்து வெப்பமாக வெளியேற்றும் கருவி. கரண்டைத் தானே சரிசெய்துகொள்ளும் லோட் பேங்க் கையில் இருந்தால் இந்த வழிகாட்டி தேவைப்படாது. சுவிட்சுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றையும் நாமே போட்டு நாமே எடுக்க வேண்டிய சாதாரண ரெசிஸ்டர் பேங்க்கோடு ஒரு பெரிய லெட்-ஆசிட் பேட்டரியை டெஸ்ட் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எட்டு மணி நேரமும் பேனலை விட்டு நகராமல், அம்மீட்டர் முள் அசையும்போதெல்லாம் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அத்தனை தட்டலும் தேவையே இல்லை. கீழே வரும் உதாரணத்தில் முழு டெஸ்டுக்கும் ஏழு மாற்றங்கள்தான். எந்த வோல்டேஜில் எந்த சுவிட்ச் என்பதை முந்தைய நாளே எழுதி வைத்துவிடலாம்.

உதாரணம் இதுதான்: ஒவ்வொன்றும் 2 வோல்ட் கொண்ட 60 செல் லெட்-ஆசிட் பேட்டரி. எட்டு மணி நேர ரேட்டில் 400 ஆம்பியர்-மணி. அதாவது 50 ஆம்பியரை 8 மணி நேரம் எடுத்தால் செல்லுக்கு சராசரி 1.75 வோல்டில் முடிய வேண்டும். 60 செல்லுக்கு முடிவு வோல்டேஜ் 105.

1. கையால் ஏன் சரிசெய்ய வேண்டியிருக்கிறது

ரெசிஸ்டரில் ஓடும் கரண்ட் வோல்டேஜைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் ஆக ஆக பேட்டரி வோல்டேஜ் இறங்கும், கரண்டும் கூடவே இறங்கும். டெஸ்டுக்கோ கரண்ட் கடைசிவரை 50 ஆம்பியராகவே இருக்க வேண்டும். அதனால் வோல்டேஜ் இறங்கும் அளவுக்குக் கூடுதல் ரெசிஸ்டர்களைப் பக்க இணைப்பில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

சும்மா விட்டால் என்ன ஆகும்? கரண்ட் சராசரியாக 2 ஆம்பியர் குறைந்தே எட்டு மணி நேரம் ஓடினால் 16 ஆம்பியர்-மணி எடுக்காமல் விட்டிருப்போம். 400-இல் அது 4 சதவீதம். பேட்டரியை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற முடிவே அந்த 4 சதவீதத்தில் தலைகீழாகலாம்.

2. பேட்டரி தயாரா என்று பாருங்கள்

முதல் கேள்வி, இந்த பேட்டரி இல்லாமல் அது தாங்கும் கருவிகள் ஓடுமா? டெஸ்ட் முடிந்ததும் பேட்டரி காலியாக இருக்கும். முழு ரீசார்ஜ் ஆகும்வரை மாற்று பேட்டரியோ, கருவிகளை நிறுத்த அனுமதியோ வேண்டும். இதை முடிவு செய்யாமல் லோட் பேங்க்கை வண்டியில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது சார்ஜ் நிலை. பேட்டரி குறைந்தது மூன்று நாளாவது தடையில்லாமல் ஃப்ளோட்டில் (சார்ஜர் சிறு கரண்ட் கொடுத்து முழு சார்ஜிலேயே வைத்திருக்கும் நிலை) இருந்திருக்க வேண்டும். நேற்று மின்தடையில் பாதி காலியான பேட்டரியை இன்று டெஸ்ட் செய்தால் கிடைக்கும் எண், சார்ஜ் குறைவைச் சொல்கிறதா ஆயுளைச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது.

எல்லா செல்களின் ஃப்ளோட் வோல்டேஜையும் எழுதுங்கள். திறந்த வகை செல் என்றால் ஸ்பெசிஃபிக் கிராவிட்டியும் (ஆசிட் திரவத்தின் ஒப்படர்த்தி) வேண்டும். பத்தில் ஒரு செல்லிலாவது எலக்ட்ரோலைட்டின் வெப்பநிலையை எடுங்கள். அறைக் காற்றின் வெப்பநிலையை எழுதி வைப்பவர்கள் உண்டு, அது உதவாது. பெரிய செல்லின் உள்ளே இருக்கும் திரவம் அறையைவிடப் பல மணி நேரம் பின்தங்கித்தான் மாறும்.

செல்களுக்கு இடையேயான இணைப்புகளின் ரெசிஸ்டன்ஸைக் கட்டாயம் அளந்து பாருங்கள். ஃப்ளோட்டில் ஓடுவது மிகச் சிறிய கரண்ட், அதில் தளர்ந்த போல்ட் தன்னைக் காட்டிக்கொள்ளாது. 50 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும்போதுதான் அது சூடேறி முனையை உருக்கும்.

மோதிரம், கைக்கடிகாரம், உலோகச் சங்கிலி எல்லாம் அறைக்கு வெளியே. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, காப்பிட்ட ஸ்பேனர், கண் கழுவத் தண்ணீர், ஆசிட் சிந்தினால் போட சமையல் சோடா கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

3. லோட் பேங்க் கடைசி நிமிடத்துக்கும் போதுமா?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. என் ஆரம்ப காலத்தில் நானும் விழுந்திருக்கிறேன். 50 ஆம்பியர் டெஸ்டுக்கு "50 ஆம்பியர்" என்று எழுதிய பேங்க்கைக் கொண்டுபோனேன். நடுப்பகுதியைத் தாண்டும் முன்பே எல்லா சுவிட்சும் மேலே போய்விட்டன, சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை. கரண்ட் இறங்கிக்கொண்டே போனது. அந்த நாளையும் அந்த பேட்டரியின் ஒரு முழு டிஸ்சார்ஜையும் வீணாக்கினேன்.

பேங்க்கின் சுவிட்சில் எழுதியிருக்கும் ஆம்பியர் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜுக்கு மட்டுமே உண்மை. நம் உதாரணத்தில் அது 120 வோல்ட் என்று வைப்போம். 120 வோல்டில் 50 ஆம்பியர் இழுக்கும் ரெசிஸ்டர்கள் 105 வோல்டில் 43.75 ஆம்பியர்தான் இழுக்கும். 105 வோல்டிலும் 50 வேண்டுமென்றால், பெயரளவில் 50 × 120 ÷ 105 = 57.1 ஆம்பியர் தேவை. ரெசிஸ்டர் சூடானால் அதன் தடையும் கொஞ்சம் ஏறும், ஒயரிலும் வோல்டேஜ் போகும். ஆகவே 60-க்குக் குறையாமல் வைத்திருங்கள்.

மிகச் சிறிய ஸ்டெப்பையும், அதாவது ஒரே சுவிட்ச் சேர்க்கும் மிகக் குறைந்த ஆம்பியரையும் பாருங்கள். சிறிய ஸ்டெப் இலக்கில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 50-க்கு அது 1 ஆம்பியர். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். 120 வோல்ட், 50 ஆம்பியர் என்றால் 6 கிலோவாட். எட்டு மணி நேரம் எரியும் ஒரு பெரிய ஹீட்டர் அது. பேட்டரி அறைக்குள் வைத்தால் ஒரு பக்கச் செல்கள் மட்டும் சூடாகும், கூடவே ஹைட்ரஜன் இருக்கக்கூடிய இடத்தில் சூடான கம்பியையும் சுவிட்ச் பொறியையும் கொண்டுபோய் வைப்பதாகும். பேங்க்கை அறைக்கு வெளியே வையுங்கள். சூடான காற்று சுவரிலோ ஒயரிலோ பேட்டரி அறைக் கதவிலோ மோதாமல் திறந்த பக்கம் போகட்டும்.

4. சுவிட்ச் பட்டியலை முன்கூட்டியே எழுதுங்கள்

நம் பேங்க்கில் 20, 20, 10, 5, 2, 2, 1 என்று ஏழு சுவிட்ச், மொத்தம் 60. இவற்றைச் சேர்த்து 1 முதல் 60 வரை எந்த எண்ணையும் உருவாக்கலாம்.

கரண்டை 50-இல் அசையாமல் நிறுத்துவது கையால் முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். 49.5 வரை இறங்க விடுங்கள். அங்கே 1 ஆம்பியர் ஸ்டெப் ஒன்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 50.5-க்கு ஏறும். மறுபடி மெதுவாக 49.5-க்கு இறங்கும். ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் போனாலும் சராசரி 50-இல் நிற்கும், எந்த நேரத்திலும் விலகல் 1 சதவீதத்தைத் தாண்டாது. புதியவர்கள் 50-க்குக் கீழே இறங்கியதும் சரியாக 50-க்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் கரண்ட் எப்போதும் இலக்குக்குக் கீழேயே இருக்கும், சராசரியும் குறைந்துவிடும்.

இனி கணக்கு. பெயரளவு 50 போட்டிருக்கும்போது கரண்ட் 49.5 ஆவது எந்த வோல்டேஜில்? 49.5 × 120 ÷ 50 = 118.8. இப்படியே ஒவ்வொன்றுக்கும் போட்டால்:

118.8 வோல்டில் 51-க்கு மாறுங்கள் (20+20+10+1).
116.5-இல் 52 (20+20+10+2).
114.2-இல் 53 (20+20+10+2+1).
112.1-இல் 54 (20+20+10+2+2).
110.0-இல் 55 (20+20+10+2+2+1).
108.0-இல் 56 (20+20+10+5+1).
106.1-இல் 57 (20+20+10+5+2).

57-இல் கரண்ட் 49.5-க்கு இறங்க வோல்டேஜ் 104.2 ஆக வேண்டும். அதற்கு முன்பே 105-இல் டெஸ்ட் முடிந்துவிடும். ஆக மொத்தம் ஏழு மாற்றம். ஒயர் இழப்பும் ரெசிஸ்டர் சூடும் இந்த எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளும். அதனால் பட்டியல் கையை வழிநடத்தட்டும், எப்போது மாற்றுவது என்பதை மீட்டரில் தெரியும் 49.5 முடிவு செய்யட்டும்.

பட்டியலில் 20, 20, 10 மூன்றும் தொடக்கம் முதல் கடைசிவரை தொடப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். டி.சி.யில் பெரிய ஸ்டெப்பை அடிக்கடி எடுத்துப் போட்டால் தொடுமுனைகள் பொறியில் தேய்ந்துபோகும். தவிர 20-ஐ எடுத்துவிட்டு வேறு சேர்க்கையைத் தேடும் அந்தச் சில நொடிகளில் பேட்டரி ஓய்வெடுத்து வோல்டேஜ் ஏறிவிடும்.

5. இணைப்பும் மீட்டர்களும்

வரிசை முக்கியம். பேங்க்கின் எல்லா சுவிட்சும் கீழே (ஆஃப்), மெயின் பிரேக்கர் திறந்த நிலையில் இருக்கும்போது ஒயரை முதலில் பேங்க் பக்கம் இறுக்குங்கள், பிறகு பேட்டரி பக்கம். மாற்றிச் செய்தால் கையில் பிடித்திருக்கும் ஒயர் முனையில் 130 வோல்ட் உயிரோடு இருக்கும். பேங்க்கின் உடலை எர்த் செய்யுங்கள்.

வோல்டேஜை அளக்க வேண்டிய இடம் பேட்டரியின் முனைகள். பேங்க் பேனலில் உள்ள வோல்ட்மீட்டரை டெஸ்ட் முடிவுக்குப் பயன்படுத்தவே கூடாது. 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக 10 மீட்டர், வர 10 மீட்டர் என்று வைத்தால் 50 ஆம்பியரில் ஒரு வோல்டுக்கும் சற்று அதிகமாக ஒயரிலேயே போய்விடும். பேனலில் 105 என்று காட்டும்போது பேட்டரி இன்னும் 106-இல் இருக்கும். அங்கே நிறுத்தினால் நல்ல பேட்டரிக்குக் குறைந்த மதிப்பெண் போட்டதாகிவிடும்.

வோல்டேஜ் அளக்கும் ஒயர்கள் தனியாக, மெல்லியதாக, ஃப்யூஸோடு பேட்டரி முனையிலிருந்து உங்கள் மேசைக்கு வரட்டும். கரண்ட் ஓடும் லக்கின் (ஒயர் முனையில் போல்ட் செய்யும் உலோகக் காது) மேல் அதைச் சொருக வேண்டாம். முனையிலேயே பிடியுங்கள்.

கரண்டுக்கு ஷண்ட் நல்லது. கரண்ட் ஓடும் வழியில் வைக்கும் மிகச் சிறிய தடை அது, அதன் மேல் விழும் மில்லிவோல்டை அளந்தால் கரண்ட் தெரியும். 100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷண்டில் 50 ஆம்பியர் என்றால் 37.5 மில்லிவோல்ட் காட்டும். டி.சி. கிளாம்ப் மீட்டர்தான் இருக்கிறது என்றால் மணிக்கு ஒரு முறை ஒயரிலிருந்து எடுத்து ஜீரோ செய்யுங்கள். அதன் ஜீரோ மெல்ல நகரும், அரை ஆம்பியர் நகர்ந்தாலே நம் முழு வரம்பும் போய்விடும்.

மீட்டர் எதுவானாலும் அது பேட்டரியிலிருந்து வெளியேறும் கரண்டை அளக்க வேண்டும். சார்ஜரை நிறுத்த மறந்துவிட்டால் பேங்க்கில் 50 ஓடும், அதில் பெரும்பங்கு சார்ஜரிலிருந்து வரும். இரண்டு மணி நேரம் கழித்தும் வோல்டேஜ் இறங்கவில்லையே, அருமையான பேட்டரி என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

பேங்க்கின் ஃபேனுக்குத் தனி ஏ.சி. சப்ளை வேண்டும். அந்தப் பிளக்கில் ஒரு எச்சரிக்கைச் சீட்டு கட்டுங்கள். போன் சார்ஜ் போட யாராவது அதைப் பிடுங்கினால் ஃபேன் நிற்கும், வெப்பப் பாதுகாப்பு பேங்க்கை ட்ரிப் செய்யும், டெஸ்ட் பாதியில் அறுந்துவிடும்.

6. தொடங்குவது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேங்க்கிலும் கடிகாரத்திலும், இன்னொருவர் செல்களிடம். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் செல் அளந்துகொண்டிருக்கும்போது கரண்ட் நழுவிவிடும்.

முதலில் ஃபேனைப் போட்டு, காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள். அடுத்து சார்ஜரையும் வழக்கமான லோடையும் பிரித்து, அவற்றின் பிரேக்கர்களைப் பூட்டுங்கள். பேங்க்கில் மாஸ்டர் கான்டாக்டர் (எல்லா ஸ்டெப்பையும் ஒரே நேரத்தில் இணைக்கும் பொது சுவிட்ச்) இருந்தால் 20+20+10 சுவிட்சுகளை முன்பே மேலே வைத்து, பேட்டரி பிரேக்கரை மூடி, மாஸ்டரை ஒரே தட்டில் போடுங்கள். மாஸ்டர் இல்லையென்றால் பெரியதிலிருந்து சிறியதற்கு, சில நொடிகளுக்குள். முழுக் கரண்ட் வந்த கணத்தில் கடிகாரத்தைத் தொடங்குங்கள்.

முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் சட்டென்று பள்ளத்தில் விழுந்து, பிறகு கொஞ்சம் ஏறி நிற்கும். முழுதாகச் சார்ஜ் ஆன லெட்-ஆசிட் பேட்டரியின் இயல்பு அது. உதாரணத்துக்கு 118-க்கு விழுந்து 119.5-க்குத் திரும்பலாம். அந்தப் பள்ளத்தில் கரண்ட் 49.2 ஆகும். கை துறுதுறுக்கும். ஆனால் தொடாதீர்கள். ஐந்து நிமிடம் 0.8 ஆம்பியர் குறைந்தால் இழப்பு 0.07 ஆம்பியர்-மணிதான். அதைத் துரத்தி ஸ்டெப் சேர்த்தால், வோல்டேஜ் திரும்பியதும் கரண்ட் மேலே போகும், மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

பள்ளத்தின் அடியில் இருந்த வோல்டேஜை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது முடிவு வோல்டேஜுக்கே கீழே போனால் பெரும்பாலும் தளர்ந்த இணைப்போ செத்த செல்லோ இருக்கிறது. உடனே நிறுத்தித் தேடுங்கள்.

7. நீண்ட நடுப்பகுதி

இங்கே வேலை குறைவு. கால் மணிக்கு ஒரு முறை நேரம், வோல்டேஜ், கரண்ட், போட்டிருக்கும் சுவிட்சுகளின் மொத்த ஆம்பியர் நான்கையும் எழுதுங்கள். சுவிட்சை மாற்றும்போது மாற்றுவதற்கு முன் ஒரு கரண்ட், மாற்றிய பின் ஒரு கரண்ட் என இரண்டும் வேண்டும். இல்லையென்றால் பின்னால் ஆம்பியர்-மணி கணக்கிடும்போது அந்த இடம் ஊகமாகிவிடும்.

55-இலிருந்து 56-க்குப் போகும் மாற்றத்தில் 5-ஐப் போட்டு இரண்டு 2-களையும் எடுக்க வேண்டும். போட வேண்டியதை முதலில் போடுங்கள், அப்புறம் எடுங்கள். என்ன செய்யப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்வது என் வழக்கம். எட்டாவது மணி நேரத்தில் களைத்த கை தவறான சுவிட்சுக்குப் போவது சாதாரணம்.

செல் வோல்டேஜ்களைத் தொடக்கத்தில், இடையில் சில முறை, முடிவுக்குச் சற்று முன் எடுங்கள். ஒவ்வொரு முறையும் செல் 1-இல் தொடங்கி அதே வரிசையில் போக வேண்டும். ஒரு செல்லின் பாசிட்டிவ் முனையிலிருந்து அடுத்த செல்லின் பாசிட்டிவ் முனைக்கு அளந்தால் இடையிலுள்ள இணைப்பின் இழப்பும் சேர்ந்து வரும், மோசமான இணைப்பு ஒளிந்துகொள்ள முடியாது.

8. ஒரு செல் மட்டும் சரிந்தால்

ஒரு செல் 1.75-க்குக் கீழே போனதும் டெஸ்டை நிறுத்துபவர்கள் பலர். தவறு. முடிவு வோல்டேஜ் என்பது முழு பேட்டரிக்கானது. அந்தச் செல்லை அடிக்கடி அளந்துகொண்டே தொடருங்கள்.

அது 1 வோல்டை நெருங்கினால் துருவம் புரளும் (பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறும்) ஆபத்து. டெஸ்ட் 90 முதல் 95 சதவீதம் முடிந்திருந்தால் முடிவுவரை போகலாம். அதற்கு முன்பே என்றால், லோடை எடுத்து, அந்தச் செல்லைக் கழற்றித் தடித்த ஜம்பரால் தாண்டிவிட்டு, 59 செல்லுக்குப் புதிய முடிவு வோல்டேஜோடு தொடரலாம். 59 × 1.75 = 103.25. லெட்-ஆசிட் பேட்டரி டெஸ்டுக்கான ஐ ட்ரிபிள் இ (IEEE) 450 தரம் இதற்கு ஒரே ஒரு இடைவேளையைத்தான் அனுமதிக்கிறது. அதுவும் டெஸ்ட் நேரத்தில் 10 சதவீதம் அல்லது 6 நிமிடம், இரண்டில் எது குறைவோ அதற்குள். எனவே ஜம்பரும் ஸ்பேனரும் காலையிலேயே தயாராக இருக்க வேண்டும். இடைவேளை நேரத்தை டிஸ்சார்ஜ் நேரத்தில் சேர்க்காதீர்கள். வோல்டேஜ் குறைவதால் பேங்க்கில் 58, 59 வரை போக வேண்டி வரும். முன்பு 60 வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. கடைசி ஒரு மணி நேரம்

வோல்டேஜ் வளைவு இங்கே முழங்காலாக மடியும். நாள் முழுக்க ஒரு வோல்ட் இறங்க அரை மணி நேரம் எடுத்த பேட்டரி இப்போது சில நிமிடங்களில் இறங்கும். 110-ஐத் தொட்டதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, 107-க்குக் கீழே நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். கடைசி செல் ரீடிங்கை 106-க்கு முன்பே தொடங்குங்கள். 60 செல் அளக்கவே ஐந்து நிமிடம் ஆகும்.

கரண்ட் இலக்கிலிருந்து விலகியிருக்கும்போது 105-ஐத் தொட்டால் அந்த முடிவு நேரம் நம்பத்தக்கதல்ல. கரண்ட் குறைவாக இருந்தால் வோல்டேஜ் சற்று மேலே நிற்கும், நேரம் பொய்யாக நீளும். இந்த ஒரு பகுதியில் மட்டும் பேனலை விட்டு நகராதீர்கள்.

எட்டு மணி நேரம் ஆகியும் 105 வரவில்லை என்றால் நிறுத்த வேண்டாம். 105 வரை ஓடட்டும். நூறு சதவீதத்துக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த டெஸ்டில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

10. நிறுத்துவதும் கணக்கும்

105-ஐத் தொட்டதும் நேரத்தை நொடியோடு குறித்து மாஸ்டரை எடுங்கள். பிறகு சுவிட்சுகள், பிறகு பேட்டரி பிரேக்கர். லோட் ஓடும்போது ஒயரைக் கழற்றுவதோ லக்கைத் தளர்த்துவதோ கூடவே கூடாது, டி.சி. பொறி தானாக அணையாது. ஃபேன் இன்னும் பத்து நிமிடமாவது ஓடட்டும்.

பேட்டரியை உடனே சார்ஜில் போடுங்கள், அறிக்கை பிறகு எழுதலாம். காலியான லெட்-ஆசிட் பேட்டரி காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தட்டில் சல்ஃபேட் கெட்டிப்படும். சார்ஜின் பிற்பகுதியில் ஹைட்ரஜன் அதிகம் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும் வாயு அது, எனவே காற்றோட்டம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே போங்கள்.

கணக்கு எளிது. 7 மணி 12 நிமிடம் ஓடியது என்றால் 432 ÷ 480 = 90 சதவீதம். இனி வெப்பநிலைத் திருத்தம். குளிர்ந்த பேட்டரி குறைவாகவே கொடுக்கும். நீண்ட நேர டிஸ்சார்ஜில் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.6 சதவீதம். எலக்ட்ரோலைட் 20 டிகிரி, அடிப்படை 25 டிகிரி என்றால் 90 ÷ 0.97 = 92.8 சதவீதம். தயாரிப்பாளர் தன் செல்லுக்கு அட்டவணை கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். அடிப்படை 20 டிகிரியா 25 டிகிரியா என்பதையும் அதில் பாருங்கள், தரத்துக்குத் தரம் மாறும்.

ஐ ட்ரிபிள் இ 450 படி 80 சதவீதத்துக்குக் கீழே போன பேட்டரியை மாற்ற வேண்டும். 90-க்குக் கீழே போனாலோ, முந்தைய டெஸ்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ இனி ஆண்டுதோறும் டெஸ்ட்.

அறிக்கையோடு அந்த சுவிட்ச் பட்டியலையும் இணையுங்கள். நீங்கள் கணக்கிட்ட வோல்டேஜுக்குப் பக்கத்தில், உண்மையில் எந்த வோல்டேஜில் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். அதே பேங்க்கோடு அதே பேட்டரிக்கு அடுத்த முறை வருகிறவருக்கு ஒயர் இழப்பும் ரெசிஸ்டர் சூடும் ஏற்கெனவே திருத்தப்பட்ட பட்டியல் கையில் கிடைக்கும்.